சுவர் காயும் முன் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்

வீடு பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே தண்ணீரைப் பற்றித்தான். கோலாலம்பூரில் சாயங்கால மழை, பினாங்கில் விடாத மழை, லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) நிரம்பி வீட்டுக்குள் வந்த தண்ணீர், மேல்வீட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர். எழுதியவர்களில் பல பேர் தீபாவளிக்குள் வீடு பழையபடி ஆகிவிட வேண்டும் என்கிறார்கள். அதனால் சில பதில்கள் நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கும், மன்னியுங்கள்.

கேள்வி: அண்ணே, செந்தூல் பக்கம் எங்கள் வரிசை வீட்டில் போன மாதம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. சேற்றைக் கழுவி, தரையைத் துடைத்து, இரண்டு நாள் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்தோம். இப்போது சுவரில் இடுப்பு உயரம் வரை கறுப்புப் புள்ளிகள். தண்ணீரே அந்த உயரம் வரவில்லையே? பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு, குலாட் (பூஞ்சை) வராத பெயிண்ட் இருக்கிறது, இரண்டு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. அடித்துவிடலாமா?
– வாசகி, செந்தூல்

பதில்: வேண்டாம் தங்கச்சி. பெயிண்டரை வரச் சொல்லியிருந்தால் இன்றைக்கே போன் பண்ணித் தள்ளிப் போடுங்கள்.

தண்ணீர் முழங்கால் வரைதான் வந்தது, புள்ளி இடுப்பு வரை எப்படி என்று கேட்டீர்கள். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது மாதிரி, செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும் தண்ணீரை மேலே உறிஞ்சும். வெள்ளம் வடிந்த பிறகும் அது ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே சேறு விட்டுப்போன கோட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அதற்கு மேல் ஓர் அடி ஒன்றரை அடி வரை சுவர் நனைந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சை வெள்ளத்தோடு வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் விதைத் தூள் எந்த நாளும் எல்லார் வீட்டுக் காற்றிலும் இருக்கிறது, அதை ஒழிக்க யாராலும் முடியாது. உட்கார ஒரு ஈரமான இடம் கிடைத்தால் 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் முளைக்க ஆரம்பித்துவிடும். சுவரில் இருக்கும் தூசியும் பழைய பெயிண்டும் அதற்குச் சாப்பாடு. அதனால் இது தண்ணீர்ப் பிரச்சினை, முதலில் சுவர் காய வேண்டும். ஈரம் இருக்கும்வரை நீங்கள் எத்தனை முறை துடைத்தாலும் அது திரும்ப வரும். பெயிண்டர் சொல்லும் பூஞ்சை எதிர்ப்புப் பெயிண்ட் காய்ந்த சுவரில் நல்ல பொருள்தான், நானே வாங்கச் சொல்வேன். ஈரச் சுவரில் அடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் போய், பெயிண்டைக் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளும்.

இதை நான் கண்ணால் பார்த்தவன். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அங்கே உறவுக்காரர் வீட்டில் சேறு அள்ளப் போனவர்களில் நானும் ஒருவன். அழுது ஓய்ந்த வீடு, பொங்கலுக்காவது பளிச்சென்று இருக்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்து நாலு வாரத்துக்குள் பெயிண்ட் அடித்துக் கொடுத்தோம். அன்றைக்கு அந்த அம்மாவின் முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு வருவதற்குள் ஹால் சுவர் முழுக்க உரிந்து விழுந்தது. மறுபடி சுரண்டி, மறுபடி காயவைத்து, மறுபடி செலவு. அந்தக் குடும்பம் இரண்டாவது முறை பணம் கட்டியது எங்கள் அவசரத்துக்காகத்தான், அது இப்போதும் எனக்கு வருத்தம்.

சரி, எப்படிக் காயவைப்பது? ஜன்னலைத் திறந்து வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லதுதான், ஆனால் நம் ஊர்க் காற்றில் ராத்திரி ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். அந்தக் காற்று சுவரிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளாது, கொடுக்கத்தான் செய்யும். வெயில் ஏறிய பிறகு, காலை பத்து பதினொன்றிலிருந்து சாயங்கால மழைக்கு வானம் இருட்டும் வரை திறந்து வையுங்கள், அந்த நேரத்தில்தான் ஈரப்பதம் 60களுக்கு இறங்கும். மழை வந்ததும் ஜன்னல் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஏர்கோனையோ, காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும் டிஹியூமிடிபையர் மெஷினையோ போடுங்கள். மெஷின் ஓடும்போது கதவு ஜன்னல் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது செந்தூலில் இருக்கும் காற்று முழுவதையும் காயவைக்கப் பார்க்கும். வாங்க வசதியில்லை என்றால் வாடகைக்கு எடுங்கள், அல்லது நாலைந்து வீட்டுக்காரர் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி ஹாலில் மாட்டுங்கள், விலை குறைவுதான். அது 60க்குக் கீழே இருந்தால் நிம்மதி.

காற்றாடியைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். வெள்ளம் வடிந்த முதல் இரண்டு நாளில் எத்தனை காற்றாடி இருக்கிறதோ அத்தனையையும் சுவரை ஒட்டி ஓடவிடலாம். உங்கள் வீட்டில் இப்போது பூஞ்சை முளைத்துவிட்டது, அதன் மேல் நேராகக் காற்றை அடித்தால் தூள் பறந்து படுக்கை அறை வரை போகும். முதலில் துடைத்து எடுங்கள், அப்புறம் காற்றாடி. துடைக்கும்போது என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி மூன்றும் வேண்டும். சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடையுங்கள், காய்ந்த பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். சாப்பாட்டு மேசையின் அளவு, ஒரு சதுர மீட்டர் என்று வையுங்கள், அதுவரை வீட்டார் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் பரவியிருந்தால் ஆள் வைத்துச் செய்வது நல்லது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை, கீமோதெரபி எடுப்பவர் இருந்தால் வேலை முடியும் வரை அவர்களை வேறு வீட்டில் விடுங்கள், இதில் தயவுசெய்து தயக்கம் காட்டாதீர்கள்.

சுவர் காய்ந்ததா என்று கையை வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கண்ணாடி பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். மறுநாள் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் இருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. கட்டட வேலையில் ஒரு பழைய கணக்கு உண்டு, ஓர் அங்குல கனத்துக்கு ஒரு மாதம். மெஷின் வைத்தால் அது குறையும், ஆனால் மூன்று வாரத்தில் முழங்கால் வரை ஊறிய செங்கல் காயாது. இந்தத் தீபாவளிக்குச் சுவரைச் சுத்தமாகத் துடைத்து, வாசலில் பெரிய கோலம் போட்டு விளக்கேற்றுங்கள், பெயிண்டைத் தைப்பூசத்துக்கு அப்புறம் பார்க்கலாம்.

இன்னொன்றும் செய்யுங்கள். தண்ணீர் எட்டிய பிளக் எல்லாவற்றையும் லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவர் திறந்து பார்க்கட்டும், அதுவரை அந்த வரிசைக்கு மின்சாரம் வேண்டாம். சமையலறைக் கேபினட்டுக்கு அடியில், தரையை ஒட்டி ஒரு நீளப் பலகை இருக்கும் பாருங்கள், அதைக் கழற்றுங்கள். பத்து வீட்டில் எட்டு வீட்டில் அதற்குப் பின்னால்தான் சேறு அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன், நாற்றத்துக்கும் அதுதான் காரணம்.

கேள்வி: வெள்ளத்தில் நனைந்ததில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும்? என் மாமியார் எதையும் போட விடமாட்டேன் என்கிறார்.
– வாசகி, கெப்போங்

பதில்: அவர் கஷ்டப்பட்டுச் சேர்த்த பொருள்கள், மனசு வராது. ஆனாலும் மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த சோபா இவற்றை வைக்காதீர்கள். வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் எலிச் சிறுநீரும் கலந்திருக்கும், எலிக் காய்ச்சல் அதிலிருந்துதான் வருகிறது, பஞ்சுக்குள் போனதைக் கழுவி எடுக்க வழி இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரி ஊதிவிட்டால் அவ்வளவுதான், மறுபடி அதன் வடிவத்துக்கு வராது. மாமியார் கல்யாணத்துக்கு வந்த தேக்கு, செங்கால் மாதிரி முழு மரச் சாமான் இருந்தால் போடாதீர்கள், கழுவி நிழலில் மெதுவாகக் காயவைத்தால் நிற்கும். எவர்சில்வர், பித்தளை, கண்ணாடி எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். சேறு அள்ளுகிறவர்கள் கண்டிப்பாகப் பூட்ஸ் போட வேண்டும், காலில் சின்னக் கீறல் இருந்தாலும்.

சாமி படங்களைப் பற்றி அவர் கேட்பார். கண்ணாடிச் சட்டத்தின் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள், பூஞ்சை அங்கேதான் இருக்கும். படம் நன்றாக இருந்தால் பலகையை மட்டும் மாற்றுங்கள். முழுக்கக் கெட்டிருந்தால் குப்பையில் போட வேண்டியதில்லை, பக்கத்துக் கோயிலில் கேளுங்கள், எப்படிச் செய்வது என்று அவர்கள் சொல்வார்கள்.

கேள்வி: குளோரோக்ஸ் பிளீச் ஊற்றினால் கறுப்பு போய்விடுகிறது, பத்து நாளில் திரும்ப வருகிறது. அதோடு டாய்லெட் கழுவும் ஆசிட் கலந்தால் சக்தி கூடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: செய்யவே செய்யாதீர்கள். குளோரோக்ஸில் ஆசிட் கலந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைச் சுட்டுவிடும், மூடிய பாத்ரூமில் உயிரே போகலாம். வினிகர் கலந்தாலும் அதே வாயுதான். அமோனியா உள்ள கண்ணாடி கழுவும் திரவத்தோடு கலந்தால் வேறொரு விஷ வாயு வரும். இந்தப் பத்தியை அந்த அக்காவுக்கும் படித்துக் காட்டுங்கள், இது பயமுறுத்த எழுதுவது இல்லை.

திரும்ப வருவது ஏன் என்றால், டைல், கண்ணாடி, சிங்க் மாதிரி வழுவழுப்பான இடத்தில் குளோரோக்ஸ் நன்றாக வேலை செய்யும், ஆனால் சிமெண்டுக்குள்ளும் மரத்துக்குள்ளும் அது இறங்காது. மேலே நிறம் வெளுக்கும், உள்ளே வேர் இருக்கும், கூடவே நீங்கள் ஊற்றிய தண்ணீரும் சுவருக்குள் போகும். டைலுக்குப் போடுவதென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லிக்கு மேல் வேண்டாம், முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை கொடுக்கும், அதனால் கொன்றால் போதாது, துடைத்து எடுக்க வேண்டும். பத்து நாளில் திரும்ப வருகிறதென்றால் எங்கேயோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. வீட்டுக் குழாய் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள், முள் சுற்றினால் எங்கேயோ தண்ணீர் ஒழுகுகிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் வெள்ளமும் இல்லை, ஒழுக்கும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் கொண்டோவில் பத்தாவது மாடி. ஆனாலும் பிள்ளை படுக்கும் அறையில் அலமாரிக்குப் பின்னால் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. பிள்ளைக்கு இழுப்பு இருக்கிறது. ஏர்கோன் ராத்திரி முழுக்க 18இல் ஓடுகிறது, அப்புறம் எப்படி ஈரம் வரும்?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அந்த 18தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன் அம்மா. ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறது இல்லையா, நம் ஊர்க் காற்று ஏறக்குறைய 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அப்படித் தண்ணீராகப் படிய ஆரம்பித்துவிடும். அறையை 18க்குக் குளிரவைத்தால் சுவரும் அலமாரியும் மெத்தையும் அந்தக் குளிரை வாங்கி வைத்துக்கொள்கின்றன. காலையில் ஏர்கோனை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே வந்து அந்தக் குளிர்ந்த சுவரில் வியர்வையாகப் படிகிறது. அலமாரிக்குப் பின்னால் காற்று ஓட்டம் கிடையாது, அதனால் அது காய்வதும் இல்லை. அடுத்த அறைக்குப் போய் அதே சுவரின் மறுபக்கத்தையும் பாருங்கள், அங்கேயும் இருக்கலாம்.

25இல் வைத்துக் காற்றாடி போடுங்கள். ஏர்கோனை நிறுத்திய உடனே ஜன்னலைத் திறக்காமல் அறை கொஞ்சம் சூடேறட்டும். அலமாரியைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். ஈரத் துண்டை அந்த அறையில் காயப்போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஏர்கோன் காற்று வரும் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே உருளையில் கறுப்பாகத் தெரிந்தால் கெமிக்கல் வாஷ் செய்யச் சொல்லுங்கள், வெறும் ஃபில்டர் கழுவுவது போதாது, ஏனென்றால் பிள்ளை ராத்திரி முழுக்க அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. தண்ணீர் உறிஞ்சும் டப்பா ஒன்று அலமாரிக்குள் வைக்கலாம், அது அலமாரிக்குப் போதும், அறைக்குப் போதாது. சுவரைத் துடைக்கும் நாளில் பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கட்டும், டாக்டரிடமும் அறையில் பூஞ்சை இருந்தது என்று சொல்லிவிடுங்கள், அவருக்கு அது தெரிய வேண்டும்.

கேள்வி: ஜெலுத்தோங்கில் சொந்த அடுக்குமாடி வீடு. பாத்ரூம் சீலிங்கில் தண்ணீர் சொட்டிச் சொட்டி இப்போது பூஞ்சை பிடித்துவிட்டது. மேல்வீட்டுக்காரரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன், என் வீட்டில் ஒன்றும் இல்லை என்கிறார். அக்கம்பக்கம் பகை வேண்டாம் என்று மனைவி சொல்கிறார்.
– வாசகர், பினாங்கு

பதில்: உங்கள் மனைவி சொல்வது நியாயம்தான், அதனால்தான் நீங்களே மேலே போய்ச் சண்டை போட வேண்டாம் என்கிறேன். சட்டம் இந்த வேலையை நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளில் மாடிக்கு மாடி ஒழுகுவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் சீலிங்கில் ஈரம் தெரிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை கோளாறு நேர் மேல்வீட்டில்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் ஜேஎம்பி என்னும் கூட்டு நிர்வாக அமைப்புக்கோ நிர்வாகக் கழகத்துக்கோ எழுத்தில் புகார் கொடுத்தால் அவர்கள் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். பார்த்து முடித்த 5 நாளுக்குள் ஒழுக்குக்குக் காரணம் என்ன, யார் பொறுப்பு என்று பாரம் (படிவம்) 28இல் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பொறுப்பானவர் 7 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். பொதுக் குழாயில் கோளாறு என்றால் செலவு நிர்வாகத்துடையது.

வாட்ஸ்அப்பில் சொன்னேன் என்பது போதாது. தேதி போட்டுக் கடிதம் எழுதி, ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சொட்டும் இடத்தை நாள் தவறாமல் படம் எடுங்கள். நிர்வாகம் அசையவில்லை என்றால் மாநகர் மன்றத்தில் சிஓபி என்னும் கட்டட ஆணையர் அலுவலகம் இருக்கிறது. அதற்கும் மேல் அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றம், 250,000 ரிங்கிட் வரையிலான வழக்கை அங்கே கேட்கிறார்கள், பொதுவாக வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

அதுவரை சீலிங் தொங்கினால் அதன் கீழே யாரும் நிற்காதீர்கள், அந்த விளக்கின் சுவிட்சை மெயினிலேயே அணையுங்கள். மேல்வீட்டில் பாத்ரூம் தரையைத் தண்ணீர் இறங்காதபடி சரிசெய்த பிறகுதான் உங்கள் சீலிங்கை மாற்ற வேண்டும். ஊறிப்போன பிளாஸ்டர் பலகையைத் துடைத்துக் காப்பாற்ற முடியாது, வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள், உள்ளே இருக்கும் கான்கிரீட் காய ஓரிரு வாரம் அப்படியே திறந்து கிடக்கட்டும்.

கேள்வி: பெட்டியில் வைத்திருந்த அம்மாவின் பட்டுப் புடவைகளும் தோட்டத்தில் இருந்தபோது எடுத்த பழைய போட்டோக்களும் நேற்று நனைந்துவிட்டன. அப்பா இப்போது இல்லை, அவருடைய படங்கள் இவைதான். என்ன செய்வது என்று தெரியாமல் கை நடுங்குகிறது.
– வாசகி, பிறை

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே இதைத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கேயும் போடுகிறேன்.

48 மணி நேரத்துக்குள் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை இழுக்காதீர்கள், ஒட்டியபடியே காயவும் விடாதீர்கள், காய்ந்தால் அப்புறம் பிரியாது. ஸ்டூடியோவில் கழுவி எடுத்த பழைய படம் என்றால் தட்டில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள், கொஞ்ச நேரத்தில் தானே விலகும். படத்தின் முகத்தில் விரல் படக்கூடாது, ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, மை இல்லாத வெள்ளைத் தாளில் முகம் மேலே இருக்க வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறிவிடும். வீட்டு பிரிண்டரில் எடுத்த படத்தை மட்டும் தண்ணீரில் போடாதீர்கள், கரைந்துவிடும். நிறைய இருக்கிறது, இன்றைக்குள் முடியாது என்றால் ஐந்தாறு படமாகப் பிரித்து, இடையே மெழுகுத் தாள் வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது, மனசு அமைதியான பிறகு ஒவ்வொரு பையாக எடுத்துச் செய்யலாம். எதைச் செய்வதற்கு முன்னும் கைப்பேசியில் ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிடுங்கள், அப்பா முகம் அதில் பத்திரமாக இருக்கும்.

புடவைக்கு வெயில் வேண்டாம், குளோரோக்ஸ் ஒரு துளிகூட வேண்டாம், அது பட்டு நூலையே கரைத்துவிடும். வெள்ளத் தண்ணீர் பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். சாயம் இறங்கும் புடவையை மற்றதோடு சேர்க்காதீர்கள். பிழியாமல் பழைய வேட்டியில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் காற்றாடிக்குக் கீழே விரியுங்கள். காய்ந்த பிறகு வெள்ளைத் தூள் தெரிந்தால் வாசலுக்குக் கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு டிரை கிளீனிங் கொடுங்கள், பூஞ்சை பட்டது என்று கடையில் சொல்லியே கொடுங்கள். இனிமேல் பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள்.

பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நனைந்ததென்று கவலைப்படாதீர்கள், தேசியப் பதிவுத் துறையில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் நேரத்தைப் படங்களுக்குக் கொடுங்கள்.

கேள்வி: ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் தாத்தா காலத்துக் கடை வீடு. மழை இல்லாத மாதத்திலும் கீழ்ச் சுவரில் மூன்றடி உயரம் வரை ஈரம், வெள்ளையாக ஏதோ பூக்கிறது. மூன்று முறை சிமெண்டு பூசிவிட்டோம், தண்ணீர் புகாத பெயிண்டும் அடித்தோம், ஒவ்வொரு முறையும் முன்னைவிட மேலே ஏறுகிறது.
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: அந்த வெள்ளையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்தால் அது பூஞ்சை இல்லை, உப்பு. மண்ணிலிருந்து ஏறும் தண்ணீர் உப்பைக் கூட்டி வந்து, தான் ஆவியாகிவிட்டு உப்பைச் சுவரில் விட்டுப் போகிறது.

உங்கள் தாத்தா காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். அதற்கு அடியில் ஈரம் தடுக்கும் தகடு எதுவும் வைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள், கட்டியவர்களுக்கு அது தெரியாமல் இல்லை, சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், கீழிருந்து ஏறும் ஈரம் அப்படியே வெளியே போய்விடும் என்ற கணக்கில் கட்டிய சுவர் அது. நீங்கள் சிமெண்டு பூசியதும் அந்த மூச்சு அடைபட்டுப் போனது. வெளியே வர முடியாத தண்ணீர் சிமெண்டுக்குப் பின்னால் ஏறி அதற்கு மேலே வந்து எட்டிப் பார்க்கிறது, நீங்கள் அதற்கும் மேலே பூசுகிறீர்கள். தரைக்கு டைல் போட்டிருந்தால் தரையில் போக வேண்டிய ஈரமும் சுவருக்குத்தான் வரும்.

முதலில் கூரைத் தண்ணீர் விழும் குழாயையும், கடை முன் நடைபாதையான அஞ்சடிக்கு வெளியே லோங்காங்கையும் பாருங்கள், அடைத்து நின்றால் சுவருக்கு நீங்களே தண்ணீர் ஊற்றுவது மாதிரி. அப்புறம் ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் ஓர் அடி வரை சிமெண்டைக் கவனமாகத் தட்டி எடுத்துவிட்டு, செங்கல் தெரிய சில மாதம் விடுங்கள். உப்புப் பூக்கப் பூக்கக் காய்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ளுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் அது மறுபடி உள்ளே போய்விடும். பூப்பது குறைந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை. இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு, ஆனால் பினாங்கில் இருக்கிறார்கள், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ்டவுன் சேர்ந்த பிறகு பழைய வீடுகளைச் சுண்ணாம்பில் புதுப்பிக்கும் வேலை இங்கே நிறைய நடக்கிறது. உங்கள் வீடு பாரம்பரிய எல்லைக்குள் வருவதால் சுவரைத் தட்டுவதற்கு முன் மாநகர் மன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும், ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய அலுவலகத்தில் போய் விசாரித்தால் எந்த மாதிரிப் பூச்சு என்று வழி சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். கடையில் அரிசி மூட்டைகளை அந்தச் சுவரை ஒட்டி அடுக்கியிருப்பீர்கள், கையளவு இடைவெளி விட்டு மரப்பலகை மேல் ஏற்றி வையுங்கள்.